பழைய பாதாளச் சாக்கடையை வெளிநாட்டு நிதியில் புதுப்பித்தல்: கையெழுத்துக்கு முன் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: நகர்மன்ற உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். அறுபது ஆண்டுகளுக்கு முன் போடப்பட்ட எங்கள் நகரின் பாதாளச் சாக்கடையைப் புதுப்பிக்க வெளிநாட்டு வளர்ச்சி வங்கி ஒன்று கடன் தர முன்வந்திருக்கிறது. இன்னொரு நாட்டின் உதவி நிறுவனம் ஒரு சிறு பகுதியை மானியமாகத் தரக்கூடும் என்றும் சொல்கிறார்கள். திட்ட அறிக்கையின் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்வதற்காக மன்றம் அமைத்த குழுவில் நானும் ஒருத்தி. வங்கியின் ஆய்வுக்குழு இன்னும் ஆறு வாரத்தில் வருகிறது. நான் பொறியியல் படித்தவள் அல்லள் என்பதால் விவரம் அறிந்தவர்களிடம் கேட்கிறேன்.

வரைவில் மொத்தத் தொகையின் பெரும்பகுதி புதிய சுத்திகரிப்பு நிலையத்துக்கும், கழிவுநீரைப் பம்பு வைத்து மேலேற்றி அனுப்பும் மூன்று உந்து நிலையங்களுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தெருவுக்கு அடியில் கிடக்கும் பழைய குழாய்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். வீட்டு இணைப்பைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. அதைப் பயனாளிகள் தம் சொந்தச் செலவில் செய்துகொள்வார்கள் என்று அந்த வரி சொல்கிறது.

என் வட்டத்தில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஓர் ஆள்நுழைவுக் குழி இருக்கிறது. மழை வலுக்கும்போது அதன் இரும்பு மூடி முதலில் மெல்ல அசைந்து சத்தம் கொடுக்கும். பிறகு விளிம்பைச் சுற்றிக் கறுப்பு நீர் கசியும். கால்மணி நேரத்தில் மூடி ஒருபக்கமாக எழும்பிவிடும். பிள்ளைகள் செங்கல்களை அடுக்கி அவற்றின்மேல் கால்வைத்துத் தாண்டிப் போகிறார்கள். நகருக்கு வெளியே எத்தனை பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டினாலும் இந்த மூடி எழும்புவது நிற்குமா என்பதுதான் என் முதல் கேள்வி. பழைய குழாய்களில் எவற்றை மாற்ற வேண்டும், எவற்றை விட்டுவைக்கலாம் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? கடன் ஒப்பந்தத்தில் மன்றம் கவனமாகப் படிக்க வேண்டிய இடங்கள் எவை?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற கழிவுநீர்ப் பொறியாளர்

அம்மா, வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதால் அந்த மூடி எழும்புவது நிற்காது. கழிவுநீர் அந்த நிலையத்துக்குப் போய்ச் சேரும் வழியில் எங்கோ தடைப்படுகிறது, அல்லது வரக்கூடாத நீர் அந்தக் குழாய்க்குள் வருகிறது. இரண்டில் எது என்று தெரியாமல் எழுதப்படும் மதிப்பீடு எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் ஊகமே.

கழிவுநீர்க் குழாயில் ஓடுவது வீடுகளிலிருந்து வரும் நீர் மட்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். வழங்கப்படும் குடிநீரில் சுமார் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்று வடிவமைப்பில் கணக்கு வைப்பது வழக்கம். பழைய குழாய்களில் இதனோடு வேறு இரண்டு நீர்கள் சேர்கின்றன. நிலத்தடி நீர்மட்டம் குழாயைவிட உயரமாக இருக்கும் இடங்களில், விலகிப்போன இணைப்புகள் வழியாகவும் விரிசல்கள் வழியாகவும் நிலத்தடி நீர் இரவு பகலாக உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். மழை பெய்யும்போது, மொட்டைமாடியிலிருந்தும் முற்றத்திலிருந்தும் முறையின்றிச் சாக்கடையில் இணைக்கப்பட்ட வடிகுழாய்கள் வழியாக மழைநீர் பாய்ந்து வரும். உங்கள் மூடி மழையில் மட்டும் எழும்புகிறது என்றால் இந்த இரண்டாவது வகையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அப்படியானால் அந்தத் தெருவுக்குப் புதிய பெரிய குழாய் தேவைப்படாமலே போகலாம். மழைநீரைப் பிரித்து மழைநீர் வடிகாலில் விட்டாலே போதுமானதாக இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கும் முறைகள் பழையவை, எளியவை. அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் ஊர் உறங்கும். அப்போதும் குழாயில் தெளிந்த நீர் நிறைய ஓடினால் அது பெரும்பாலும் நிலத்தடி நீர். சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேரும் நீரில் கழிவு எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதும் இதையே காட்டும். வீட்டுக் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அதிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு, பொதுவாக லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். உங்கள் நகரில் அது 80 அல்லது 90 என்று வந்தால், வங்கியிடம் கடன் வாங்கிப் பெரும்பங்கு நிலத்தடி நீரைச் சுத்திகரிக்கப் போகிறீர்கள் என்று பொருள். கசிவை அடைக்காமல் நிலையத்தின் கொள்ளளவை முடிவு செய்தால் அது தேவைக்கு மேல் பெரிதாகிவிடும். மழைநீர் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதைப் புகைச் சோதனை காட்டிக்கொடுக்கும்: ஆள்நுழைவுக் குழியில் தீங்கற்ற புகையைச் செலுத்தினால், சாக்கடையோடு சேர்த்த மாடி வடிகுழாயின் வாயில் அது வெளிப்படும்.

அடுத்தது குழாயின் நிலை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வரைவுகளில் மிகவும் மேலோட்டமாக எழுதப்படும் பகுதி இதுதான். 'குழாய்களின் வயது அறுபது ஆண்டு, ஆகவே மாற்ற வேண்டும்' என்று எழுதிவிடுகிறார்கள். வயது மட்டும் குழாயைக் கெடுப்பதில்லை. நன்கு சுட்ட மண்குழாய், இணைப்புகள் விலகாமல் இருந்தால், நூறு ஆண்டு கடந்தும் உழைக்கும். கான்கிரீட் குழாய் வேறு வகையில் சாகும். கழிவுநீர் மெதுவாக ஓடும் இடங்களில் அடியில் வண்டல் தங்கி, காற்றில்லாத அந்தச் சேற்றிலும் சுவரில் படிந்த வழவழப்பிலும் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. வாயு மேலே எழுந்து குழாயின் மேல்வளைவில் உள்ள ஈரத்தில் சேர்கிறது. அங்கே வாழும் வேறு நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. நீருக்கு அடியில் இருக்கும் பாதி புதியது போல இருக்க, மேல்பாதி உருகிப்போகிறது. பணிக்காலத்தில் தோண்டி எடுத்த ஒரு குழாயின் மேல்வளைவில் நான் திருப்புளியை வைத்து அழுத்தியபோது அது மூன்று விரல் ஆழத்துக்கு எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. வெளியே இழுத்தபோது முனையில் ஈர மாவைப் போல வெள்ளைப் பசை ஒட்டியிருந்தது. அதற்கு மேலே தினமும் பேருந்து போய்க்கொண்டிருந்தது. அதே குழாய்த்தடத்தில் இருநூறு மீட்டர் தள்ளி, சரிவு நன்றாக இருந்த பகுதியில், கான்கிரீட் கல்லைப் போல உறுதியாக இருந்தது.

ஆகவே கேமராவை உள்ளே விட்டுப் பார்க்காமல் எந்தக் குழாயையும் 'மாற்ற வேண்டும்' என்றோ 'இருக்கட்டும்' என்றோ எழுதக்கூடாது. முதலில் நீர்ப்பாய்ச்சும் இயந்திரத்தால் தூர் எடுத்துவிட்டுப் படம்பிடிக்க வேண்டும். ஒவ்வொரு குறைபாட்டையும் எந்த மீட்டரில் இருக்கிறது என்று குறித்து, தரநிலை கொடுத்து வரிசைப்படுத்த வேண்டும். இதைச் செய்தால் சாலையைத் தோண்ட வேண்டிய நீளம் பெரும்பாலும் குறையும். உடையாமல் விரிசல் மட்டும் விட்டிருக்கும் குழாய்க்குள் பிசின் ஊறிய துணி உறையைச் செலுத்தி, வெந்நீராலோ நீராவியாலோ இறுகவைக்கும் முறை 1971இல் இலண்டனில் முதன்முதலாகச் செய்யப்பட்டது; இன்று உலகெங்கும் வழக்கமான வேலை. குழாயின் விட்டம் போதவில்லை என்றால் பழைய குழாயை உள்ளிருந்தே உடைத்து விரித்து, அதன் இடத்தில் புதியதை இழுத்துவரும் முறையும் இருக்கிறது. குழாய் நொறுங்கியோ சரிவு கெட்டோ போன இடத்தில்தான் தோண்டிப் போட்டாக வேண்டும்.

ஒரு பெரிய எடுத்துக்காட்டையும் சொல்லிவிடுகிறேன். கெய்ரோவின் சாக்கடை 1915இல் இயங்கத் தொடங்கியபோது சுமார் பத்து இலட்சம் பேருக்கென அமைக்கப்பட்டிருந்தது. மக்கள்தொகை பல மடங்கு பெருகி, 1960களிலும் 1970களிலும் கழிவுநீர் தெருக்களில் வெள்ளமாக நிற்பது வாடிக்கையாகிவிட்டது. பிறகு நடந்த பெரும் திட்டத்தில் நைல் ஆற்றின் கிழக்குக் கரைக்குப் பிரிட்டனும் மேற்குக் கரைக்கு அமெரிக்காவும் நிதியளித்தன. கிழக்குக் கரையில் 5 மீட்டர் விட்டம் கொண்ட சுரங்கக் குழாய் அமைக்கப்பட்டது. அந்த வேலையில் எனக்குப் பிடித்தது இதுதான்: கழிவுநீரைச் சேகரித்துக் கொண்டுபோகும் தடத்தை அவர்கள் திட்டத்தின் முதுகெலும்பாகக் கொண்டார்கள். உங்கள் வரைவில் அந்த முதுகெலும்புக்கு ஆறில் ஒரு பங்கு என்றால், அந்தப் பங்கு எந்த அளவீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். அளவீடே இல்லை என்ற பதில் வந்தால் எனக்கு வியப்பாக இராது.

மறுமொழி 2: குடிநீர், கழிவுநீர் நிறுவனமொன்றில் நிதிப் பிரிவு

உறுப்பினர் அவர்களுக்கு வணக்கம். பொறியாளர் ஐயா சொன்னதோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். ஒப்பந்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

'வெளிநாட்டு உதவி' என்ற ஒரே சொல்லுக்குள் மானியம், சலுகைக் கடன், ஏறக்குறையச் சந்தை வட்டியில் தரப்படும் கடன் ஆகிய மூன்றும் அடங்கிவிடுகின்றன. வங்கி நடுவண் அரசுக்குத் தரும் நிபந்தனை ஒன்றாகவும், அரசு உங்கள் நகருக்கு மறுகடனாகத் தரும் நிபந்தனை வேறாகவும் இருப்பது சாதாரணம். ஆகையால் வங்கியின் வட்டியைப் பார்த்து மகிழ வேண்டாம். மறுகடன் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் மக்கள் கட்டணம் செலுத்துவது உள்நாட்டுப் பணத்தில். கடன் இருப்பது டாலரிலோ யென்னிலோ யூரோவிலோ. இருபது, முப்பது ஆண்டுகளில் உள்நாட்டுப் பணத்தின் மதிப்பு இறங்கும்போது அந்த இழப்பை அரசு ஏற்கிறதா, நகர் ஏற்கிறதா என்பது அந்த மறுகடன் ஒப்பந்தத்தில் ஓரிரு வரிகளில்தான் எழுதப்பட்டிருக்கும். கட்டணத்தை மூன்று மடங்காக்க வைக்கக்கூடிய வரிகள் அவை.

இன்னும் எடுக்காத தொகைக்கும் ஒப்பந்தப் பொறுப்புக் கட்டணம் உண்டு. ஆசிய வளர்ச்சி வங்கியின் வழக்கமான கடன்களில் அது ஆண்டுக்கு 0.15 விழுக்காடு. விழுக்காடு சிறியதுதான். நிலம் எடுக்கவும் சாலைத்துறையின் அனுமதி பெறவும் மூன்று ஆண்டு கழியும் நகரில், ஒரு குழாய்கூடப் போடாமலே இந்தக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். நிலமும் அனுமதியும் கையில் வரும் முன் பெரிய தொகைக்குக் கையெழுத்திட வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம்.

பொருள்களை எங்கிருந்து வாங்க வேண்டும் என்பதையும் பாருங்கள். உதவி தரும் நாட்டின் நிறுவனங்களிடமே வாங்க வேண்டும் என்று கட்டப்பட்ட நிதிகள் இன்னும் இருக்கின்றன. ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா தரும் 'ஸ்டெப்' வகைக் கடனில் ஒப்பந்தத் தொகையின் குறைந்தது 30 விழுக்காட்டுக்கு ஜப்பானியப் பொருள்களும் சேவைகளும் இருக்க வேண்டும். வட்டி மிகக் குறைவாக இருப்பதால் அது கெட்ட பேரம் என்று சொல்லிவிட முடியாது. வாங்கும் பம்பின் உதிரிபாகம் பத்து ஆண்டு கழித்தும் எளிதில் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

காலக்கெடுவும் திட்டத்தின் உருவத்தை மாற்றும். அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான மில்லேனியம் சேலஞ்ச் கார்ப்பரேஷனின் மானியம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டில் முடிந்தாக வேண்டும், பொதுவாக நீட்டிப்பு கிடையாது. ஜோர்டானுடன் 2010இல் கையெழுத்தான சுமார் 27.5 கோடி டாலர் ஒப்பந்தம் 2011 டிசம்பரில் தொடங்கி 2016 டிசம்பரில் முடிந்தது. அந்தத் திட்டத்தை நான் பிறருக்கு அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. சர்க்கா பகுதியில் குடிநீர்க் குழாய்களைப் புதுப்பித்தல், கழிவுநீர்க் குழாய்களை விரிவுபடுத்துதல், அஸ்-சம்ரா சுத்திகரிப்பு நிலையத்தைப் பெரிதாக்குதல் ஆகிய மூன்றையும் ஒரே சங்கிலியாகக் கோத்திருந்தார்கள். கூடுதலாகச் சேகரித்த கழிவுநீர் அஸ்-சம்ராவில் சுத்தமாகி, மன்னர் தலால் அணை வழியே ஜோர்டான் பள்ளத்தாக்கின் பாசனத்துக்குப் போகிறது. அதனால் மிச்சமாகும் நன்னீர் நகரங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே கணக்கு. நாளொன்றுக்கு 2,67,000 கன மீட்டராக இருந்த நிலையத்தின் கொள்ளளவு 3,64,000 ஆக உயர்த்தப்பட்டது. தெருக்குழாயும் நிலையமும் ஒரே ஒப்பந்தத்தில், ஒரே கால அட்டவணையில் நடந்தன என்பதைக் கவனியுங்கள். உங்கள் நகரில் நிலையத்தை முதல் கட்டத்திலும் குழாய்களை இரண்டாம் கட்டத்திலும் வைத்திருந்தால், இரண்டாம் கட்டம் எந்த நிதியில் நடக்கும் என்று எழுத்தில் கேளுங்கள்.

மறுமொழி 3: உந்து நிலைய மேற்பார்வையாளர்

அம்மா, வணக்கம். மேலே எழுதிய ஐயா இருவரும் சொல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். உந்து நிலையம் நின்றுபோவதற்கு நான் கண்ட காரணங்களில் பெரும்பாலானவை சின்னச் சின்னப் பொருள்கள். திட்டம் முடிந்து வெளிநாட்டு வல்லுநர்கள் போன பிறகு நான் பணியாற்றிய ஒரு நிலையத்தில் பம்பின் சுழலும் அச்சைச் சுற்றி நீர் வெளியேறாமல் தடுக்கும் முத்திரை கசியத் தொடங்கியது. உள்ளங்கையில் அடங்கும் பொருள் அது. வெளிநாட்டிலிருந்து வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று. அதுவரை கழிவுநீர் அவசர வழியாக ஆற்றில்தான் போயிற்று. ஐந்து ஆண்டுக்கான உதிரிபாகங்களைப் பம்புடனேயே வாங்க வேண்டும் என்றும், கையேடுகளை எங்கள் மொழியில் தர வேண்டும் என்றும், ஒப்பந்ததாரரின் ஆட்களோடு நாங்கள் ஓர் ஆண்டாவது சேர்ந்து இயக்கிப் பழக வேண்டும் என்றும் டெண்டரிலேயே எழுதச் சொல்லுங்கள்.

தூர் எடுக்கும் இயந்திரங்களையும் வாயு அளக்கும் கருவிகளையும் இதே நிதியில் கேளுங்கள். சாக்கடை வாயு அளவுக்கு மிஞ்சினால் மூக்கு உணர்விழந்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணுவது அந்த நேரத்தில்தான். குழிக்குள் இறங்கிய முதல் ஆளைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாம் ஆளும் மூன்றாம் ஆளும் இறந்துபோவது அப்படித்தான். குழாய் புதிதாக இருக்கும், ஆனால் அடைப்பு வந்தால் அதே மனிதர்கள் அதே கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள் என்றால், அந்தத் திட்டத்தை நான் புதுப்பித்தல் என்று சொல்ல மாட்டேன்.

நகர்மன்ற உறுப்பினர்

மூவருக்கும் நன்றி. இரவு நீரோட்டத்தை எவரேனும் அளந்தார்களா என்று எங்கள் பொறியியல் பிரிவில் நேற்றே கேட்டேன். அளக்கவில்லை. குடிநீர் வழங்கலை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். படம்பிடிக்கப்பட்டது மொத்த நீளத்தில் மிகச் சிறு பகுதி.

வீட்டு இணைப்பைப் பற்றிக் குழுவில் பேசினேன். 'குழாய் தெருவுக்கு வந்துவிட்டால் மக்கள் தாமாகவே இணைத்துக்கொள்வார்கள், அதைக் கடனில் சேர்த்தால் தொகை வீங்கும்' என்று மற்ற உறுப்பினர்கள் சொல்கிறார்கள். இதற்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும்?

மறுமொழி 4: குடியிருப்புகளில் இணைப்புப் பணி செய்பவர்

வணக்கம் அக்கா. மக்கள் தாமாக இணைத்துக்கொள்வதில்லை என்பதைப் பதினோரு ஆண்டுகளாக வீடு வீடாக நடந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

தெருக்குழாய்க்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது சில மீட்டர்தான். அந்தச் சில மீட்டருக்குள் எத்தனை தடைகள் இருக்கின்றன என்று பாருங்கள். கழிப்பறை வீட்டின் பின்புறம் இருக்கும், குழாய் முன்புறம் வரும். நடுவில் சமையலறைத் தரையை உடைக்க வேண்டும். மலக்குழி இன்னும் வேலை செய்கிறது, அதை ஏன் மூட வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்பார். வாடகை வீடென்றால் செலவு செய்ய வேண்டியவர் வேறு, பயன்பெறுபவர் வேறு. இணைத்த மாதத்திலிருந்து கட்டணம் வரும் என்பதும் தெரியும். ஒரு பாட்டி என்னிடம், 'குழாய் வரட்டும் மகளே, என் தரையை உடைத்தவன் திரும்பிவந்து பூசித்தருவானா என்பதை மட்டும் சொல்' என்றார். எங்களிடம் அதற்குப் பதில் இல்லை, ஏனென்றால் தரையைத் திரும்பப் பூசுவது மதிப்பீட்டில் இல்லை. மறு ஆண்டு, பூச்சு வேலையையும் சேர்த்த பிறகுதான் அந்தத் தெருவே இணைந்தது.

சாம்பியாவின் லுசாகாவுக்கும் 2012இல் கையெழுத்தான சுமார் 35.5 கோடி டாலர் அமெரிக்க மானியத்தில் குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் ஆகிய மூன்றும் சேர்த்தே எடுத்துக்கொள்ளப்பட்டன. வீட்டுக்குள் குழாய்நீர் இல்லாத குடும்பம் கழிவுநீர் இணைப்பு கேட்காது, மழைநீர் போக வழியில்லாத தெரு அதைச் சாக்கடையில்தான் விடும் என்பதால், மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே சரி என்று நான் கருதுகிறேன்.

உங்கள் குழுவிடம் இப்படிச் சொல்லலாம்: ஒவ்வொரு வீட்டு இணைப்பையும், பழைய மலக்குழியை மூடுவது, உடைத்த தரையைப் பூசுவது உட்பட, ஒப்பந்ததாரரின் வேலையாகவே வையுங்கள், தெருக்குழாய் போட்ட நீளத்துக்கு மட்டும் பணம் கொடுக்காமல், நீர் ஓடத் தொடங்கிய இணைப்புகளின் எண்ணிக்கைக்கு ஒரு பங்கை நிறுத்திவைத்துக் கொடுங்கள். விளைவுக்குப் பணம் என்ற இந்த முறையை வளர்ச்சி வங்கிகளே பல இடங்களில் ஏற்றிருக்கின்றன, ஆகவே மறுக்கமாட்டார்கள். ஏழை வீடுகளுக்குக் கட்டணத் தவணை வேண்டும். மேலும், வேலை தொடங்கும் முன்பே குறைகேட்கும் ஆள் யார், எங்கே இருப்பார் என்று தெருவில் தெரிய வேண்டும். உலக வங்கியில் 1993 முதல் ஆய்வுக்குழாம் என்ற மேல்முறையீட்டு அமைப்பு இருக்கிறது. ஆசிய வளர்ச்சி வங்கியிலும் அதுபோன்ற அமைப்பு உண்டு. அவை இடம்பெயர்ப்பு போன்ற பெரிய குறைகளுக்கு. வாசலில் வெட்டிய பள்ளத்தை மூன்று வாரமாக மூடவில்லை என்பதற்கு, அந்த வாரமே வந்து பார்க்கும் ஒருவர்தான் தேவை.

மறுமொழி 5: ஓய்வுபெற்ற கழிவுநீர்ப் பொறியாளர்

இணைப்புப் பணி செய்யும் சகோதரி எழுதியதோடு ஒரு பொறியியல் காரணத்தையும் சேர்க்க விரும்புகிறேன். தொகை வீங்கும் என்று சொல்லும் உறுப்பினர்களிடம் இதுவே எடுபடும் என்று நம்புகிறேன்.

குழாயை முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் மக்கள்தொகைக்காக வடிவமைக்கிறோம். மண்ணும் மணலும் அடியில் தங்காமல் அடித்துச் செல்லப்பட நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் வேகமாவது நாளில் ஒருமுறை கிடைக்க வேண்டும். எல்லா வீடுகளும் சேரும் என்று எண்ணிப் பெரிய குழாயைப் போட்டுவிட்டு, பாதிக்கும் குறைவான வீடுகளே இணைந்தால், நீர் அடியில் மெல்லிய இழையாக ஊர்ந்து போகும். வண்டல் தங்கும், வாயு உண்டாகும், நான் முன்பு சொன்ன அமிலம் புதிய குழாயின் மேல்வளைவைத் தின்னத் தொடங்கும். சுத்திகரிப்பு நிலையமும் தன் கொள்ளளவில் ஒரு சிறு பகுதியில் ஓடி, மின்சாரத்துக்குச் செலவழித்துக்கொண்டே இருக்கும். கடனைத் திருப்பிச் செலுத்தி முடிக்கும் முன்பே குழாய் மாற்றும் நிலைக்கு வந்துவிடும். வீட்டு இணைப்புக்குக் கொடுக்கும் தொகை குழாயின் ஆயுளுக்கும் சேர்த்துக் கொடுக்கும் தொகை என்று குழுவில் சொல்லுங்கள்.

ஆறு வாரத்தில் நகர் முழுவதும் கேமரா ஓட்ட முடியாது. அதைக் கடனின் முதல் பகுதியாகவோ, அந்த உதவி நிறுவனம் தரக்கூடிய மானியத்திலோ வையுங்கள். ஆய்வுக்கு மானியம் கேட்பது எளிது, கிடைப்பதும் எளிது. குழாய் மாற்றும் பட்டியலும் நிலையத்தின் கொள்ளளவும் அந்த ஆய்வு முடிந்த பிறகே உறுதிசெய்யப்படும் என்று ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள்.

ஆய்வுக்குழு வருவதற்குள் நீங்களே ஓர் அளவீட்டைக் கையில் வைத்திருக்கலாம். அதற்கு யாரும் எந்தக் குழிக்குள்ளும் இறங்க வேண்டியதில்லை. மழை இல்லாத ஓர் இரவில், அதிகாலை 3 மணிக்கு, உங்கள் பகுதியின் உந்து நிலையத்துக்கு மேற்பார்வையாளரையும் உதவிப் பொறியாளரையும் வரச்சொல்லுங்கள். பம்புகளை நிறுத்தி, சேகரிப்புக் கிணற்றின் விளிம்பிலிருந்து அளவுகோல் கட்டிய நாடாவை இறக்கி, பத்து நிமிடத்தில் நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். கிணற்றின் விட்டம் 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு சுமார் 28 சதுர மீட்டர். பத்து நிமிடத்தில் 30 சென்டிமீட்டர் ஏறினால் எட்டரை கன மீட்டர் நீர் வந்திருக்கிறது, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 14 லிட்டர். அந்த நிலையத்தில் சேரும் வீடுகள் அந்த நேரத்தில் எவ்வளவு நீரைப் பயன்படுத்த முடியும் என்று குடிநீர்ப் பிரிவிடம் கேட்டுக் கழித்துவிடுங்கள். மிச்சம் நிலத்திலிருந்து வருவது. அதே அளவீட்டை மழை பெய்யும் ஒரு நாளில், பள்ளிக்கூடத்து மூடி அசையத் தொடங்கும்போது, இன்னொரு முறை எடுங்கள். பம்பு எவ்வளவு நேரம் நின்றிருக்கலாம் என்பதை மேற்பார்வையாளரே முடிவுசெய்யட்டும். மழைநாளில் பத்து நிமிடம் அதிகமென்றால் மூன்று நிமிடமே போதும். இரண்டு எண்களையும் தேதியும் நேரமும் சேர்த்து ஒரு தாளில் எழுதி, உடன் இருந்தவர்களின் கையொப்பத்தோடு கொண்டுபோங்கள்.